காய்ச்சலே இல்லாமல் நுரையீரலில் பூஞ்சை: பிறவி எதிர்ப்புக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் கேட்டவை

பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தியில் குறையுள்ள குழந்தைக்கு உடலுக்குள் பூஞ்சைத் தொற்று இறங்கிவிட்டால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். அது சறுக்குகிற இடங்கள் பெரும்பாலும் இரண்டு. எந்தப் பூஞ்சை என்று பெயர் தெரியாமலே மருந்து ஓடிக்கொண்டிருப்பது ஒன்று. சரியான மருந்தைக் கொடுத்தும் ரத்தத்தில் அது போதிய அளவுக்கு ஏறாமலிருப்பது இன்னொன்று. இம்முறை வந்த கேள்விகள் பலவும் இந்த இரண்டையும் சுற்றியே இருக்கின்றன. மருந்தளவுகளை எழுதியிருப்பது, உங்கள் கையிலுள்ள சீட்டோடு ஒத்துப் பார்த்து மருத்துவரிடம் கேட்பதற்காக. நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

என் மகனுக்கு 7 வயது. சி.ஜி.டி. என்று சொல்லியிருக்கிறார்கள். வழக்கமான சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் ஒரு திட்டு தெரிந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, நன்றாக விளையாடுகிறான். ஓரிடத்தில் டி.பி. மாத்திரை ஆரம்பித்தார்கள், 2 மாதமாகியும் திட்டு குறையவில்லை. இப்போது ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இத்தனை சின்னப் பையனுக்கு அது தேவைதானா? (முகப்பேர்)

தேவைதான். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

சி.ஜி.டி. எனப்படும் க்ரானிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸில் நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள் எண்ணிக்கையில் சரியாகவே இருக்கும். கிருமியை விழுங்கவும் செய்யும். விழுங்கியதைக் கொல்லத் தேவையான ஆக்சிஜன் வேதிப்பொருளைத்தான் அவற்றால் உண்டாக்க முடியாது. அதனால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலில் சத்தமில்லாமல் வளரும். காய்ச்சல் வராமலே இருக்கலாம், அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். என்ற ரத்தச் சோதனை அளவு கொஞ்சம் ஏறியிருப்பது மட்டுமே தடயமாக இருக்கலாம். பையன் ஓடி ஆடுகிறான் என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

பூஞ்சையின் தடயத்தை ரத்தத்தில் தேடும் கேலக்டோமன்னன் சோதனையையும் இந்தக் குழந்தைகளிடம் நம்ப முடியாது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளில் உதவுகிற அதே சோதனை, சி.ஜி.டி. குழந்தையின் நுரையீரலில் பூஞ்சை இருக்கும்போதே நெகட்டிவ் என்று வருவது சகஜம்.

நம் ஊரில் திட்டு என்றாலே டி.பி. என்று நினைப்பதில் நியாயமுண்டு, சி.ஜி.டி. குழந்தைக்கு டி.பி.யும் வரும். நோகார்டியா, பர்க்ஹோல்டேரியா என்ற பாக்டீரியாக்களும் வரும். ஸ்கேன் படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்று தெரிந்தாலும் அதில் எந்த வகை என்பது முக்கியம். ஃப்யூமிகேட்டஸ் என்றால் வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து நன்றாக வேலை செய்யும். நிடுலன்ஸ் என்றால் விலா எலும்பு, முதுகெலும்பு வரை அரித்துக்கொண்டு போகும், ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்துக்குச் சரியாக மசியாது; இந்த வகையை அதிகம் பார்ப்பதே சி.ஜி.டி. குழந்தைகளிடம்தான். டெர்ரியஸ் வகைக்கு ஆம்ஃபோடெரிசின் பலிக்காது. ஆஸ்பெர்ஜில்லஸே அல்லாத ம்யூக்கர் வகைப் பூஞ்சை என்றால் வோரிகோனசோல் அறவே பலிக்காது.

சி.டி. பார்த்தபடியே ஊசி செலுத்தி எடுக்கும் பயாப்ஸிக்கு ஒத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் முன் ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்ய வழியே இல்லை. ஃபார்மலின் பூஞ்சையைக் கொன்றுவிடும். பயாப்ஸி வீணாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு துண்டு ஃபார்மலினில் பேத்தாலஜிக்கு, இன்னொரு துண்டு சுத்தமான சலைனில் மைக்ரோபயாலஜிக்குப் போக வேண்டும். சீட்டில் 'சி.ஜி.டி., பூஞ்சைக் கல்ச்சர், டி.பி. கல்ச்சர், ஜீன்எக்ஸ்பர்ட், நோகார்டியா' என்று எழுதியிருக்க வேண்டும் (ஜீன்எக்ஸ்பர்ட் என்பது டி.பி.யை விரைவில் கண்டறியும் சோதனை). பூஞ்சைக் கல்ச்சரை 4 வாரம் வரை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ம்யூக்கர் சந்தேகம் இருந்தால் சதையை அரைக்காமல் பொடியாக நறுக்கி மட்டுமே விதைக்க வேண்டும். அரைத்தால் அந்தப் பூஞ்சையின் இழைகள் நசுங்கி வளராமல் போய்விடும்.

4 வயது மகள், 14 கிலோ. வோரிகோனசோல் சிரப் 3 மி.லி. காலையும் இரவும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதாவது 120 மி.கி. என் மாமனாருக்கு 60 கிலோ. அவருக்கே 200 மி.கி.தான் கொடுத்தார்கள். குழந்தைக்கு இது அதிகமில்லையா? (தாம்பரம்)

இல்லை. 2 வயது முதல் 12 வயதுக்குள், வாய்வழி அளவு கிலோவுக்கு 9 மி.கி., தினம் 2 வேளை. 14 கிலோவுக்கு 126 மி.கி. வருகிறது. உங்கள் சீட்டு சரிதான். குழந்தையின் கல்லீரல் இந்த மருந்தைப் பெரியவர்களைவிட வேகமாகச் சிதைக்கும். பெரியவர் கணக்கில் கிலோவுக்கு 3 அல்லது 4 மி.கி. கொடுத்தால் ரத்தத்தில் ஒன்றுமே தங்காது.

2 வயதுக்குக் கீழே நிலைமை இன்னும் தாறுமாறு. அந்த வயதில் அளவைப் பார்க்காமல் மருந்து கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுப்பதுதான்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, 'ரத்தத்தில் லெவல் பார்த்தாயிற்றா?' என்பது. மருந்து தொடங்கி 3 முதல் 5 நாளுக்குள், காலை வேளை மருந்துக்குச் சற்று முன்பு ரத்தம் எடுக்க வேண்டும். லிட்டருக்கு 1 முதல் 5.5 மி.கி.க்குள் இருப்பது நல்லது. 1-க்குக் கீழே போனால் நோய் அடங்காது. 5.5-ஐத் தாண்டினால் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, குழப்பம், கல்லீரல் கோளாறு வரும். மருந்தைக் கொடுத்துவிட்டு எடுத்த ரத்தத்தின் அறிக்கை பயனற்றது. சீட்டில் கடைசி வேளை கொடுத்த நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

சி.ஒய்.பி.2சி19 என்ற நொதி வேகமாகவோ மெதுவாகவோ வேலை செய்வதைப் பொறுத்து, ஒரே எடையுள்ள இரண்டு குழந்தைகளுக்குள் லெவல் பல மடங்கு மாறும். அந்த நொதி மந்தமாக இருப்பவர்கள் நம் மக்களில் கணிசம். இன்னொன்றும் உண்டு. உடலில் அழற்சி அதிகமாக இருக்கும்போது மருந்து மெதுவாகச் சிதையும். நோய் அடங்கி, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு இறங்க இறங்க லெவலும் இறங்கும். முதல் வாரம் 3 இருந்தது என்பதால் மூன்றாம் மாதமும் 3 இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

சிரப்பைச் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ பின்போ கொடுங்கள். பாலோடு சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் ஏறும் அளவு குறையும். மருந்து கொடுத்த அரை மணியில் வெளிச்சம் மின்னுவதாகக் குழந்தை சொன்னால் பயப்பட வேண்டாம், அது தானாகப் போய்விடும். வெயில்தான் உண்மையான கவலை. இந்த மருந்து எடுக்கும்போது தோல் எளிதில் கருகும். வருடக்கணக்கில் எடுத்தால் தோல் புற்று அபாயமும் உண்டு. சென்னை வெயிலுக்கு முழுக்கைச் சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். மாதக்கணக்கில் எடுத்த பின் கை, கால் எலும்பு வலிக்கிறது என்றால் 'வளர்கிற வலி' என்று விடாதீர்கள். மருந்திலுள்ள ஃப்ளோரைடு சேர்ந்து எலும்பைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கியிருக்கலாம்.

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் கலக்கும் முறையையும், சாதா ஆம்ஃபோடெரிசினோடு குழப்பம் எப்படி வருகிறது என்பதையும் விளக்க முடியுமா? (ராயபுரம்)

இரண்டு குப்பியிலும் 50 மி.கி., இரண்டிலும் ஆம்ஃபோடெரிசின் பி என்றே போட்டிருக்கும். லைப்போசோமல் (கொழுப்புக் குமிழில் அடைத்த) வகை கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி.; ம்யூக்கருக்கு 10 வரை போவதுண்டு. டீஆக்ஸிகோலேட் எனப்படும் சாதா வகை கிலோவுக்கு 1 மி.கி. அளவில்தான், ஒரு நாளில் 1.5-ஐத் தாண்டவே கூடாது. ஸ்டோரில் ஒன்று தீர்ந்து இன்னொன்றை அனுப்பி, வார்டில் பழைய அளவையே ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஆர்டரில் வெறுமனே 'ஆம்ஃபோ 5 மி.கி./கிலோ' என்று இருந்தால் கலக்காமல் திருப்பி அனுப்புங்கள். முழுப் பெயர் எழுதியே ஆக வேண்டும். லிப்பிட் காம்ப்ளெக்ஸ், லிப்பிட் எமல்ஷன் என்று வேறு தயாரிப்புகளும் உண்டு. ஒன்றுக்கு இன்னொன்று பதிலாகாது.

லைப்போசோமல் குப்பி ஒன்றில் 12 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் விட்டு, உடனே 30 விநாடி பலமாகக் குலுக்குங்கள். மி.லி.க்கு 4 மி.கி. வரும். குப்பியோடு வரும் 5 மைக்ரான் ஃபில்டர் வழியாக 5% டெக்ஸ்ட்ரோஸில் சேர்க்க வேண்டும். 10 கிலோ குழந்தைக்கு 50 மி.கி. என்றால் 12.5 மி.லி. மருந்து, 25 மி.லி. டெக்ஸ்ட்ரோஸ், மி.லி.க்கு 1 முதல் 2 மி.கி.க்குள் அமையும். கைக்குழந்தைக்கு இன்னும் நீர்க்க, 0.2 முதல் 0.5 வரை. 2 மணி நேரத்தில் ஏற்றுங்கள்.

சலைனில் கலந்தாலும், சலைன் ஓடிய லைனிலேயே கழுவாமல் விட்டாலும் மருந்து திரிந்துவிடும். முன்னும் பின்னும் டெக்ஸ்ட்ரோஸால் லைனைக் கழுவுங்கள். சிறுநீரகத்தைக் காக்க ஆம்ஃபோடெரிசினுக்கு முன் கொடுக்கும் சலைன் வேறு விஷயம். அதைக் கொடுத்து முடித்து, லைனைக் கழுவிய பிறகே மருந்து.

ஏற்றத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் நெஞ்சு இறுக்கமோ இடுப்பு வலியோ வந்தால் நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள். பொட்டாசியத்தோடு மக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மக்னீசியம் குறைந்திருந்தால் எவ்வளவு பொட்டாசியம் கொடுத்தாலும் ஏறாது.

டி.பி. மருந்தும் வோரிகோனசோலும் சேர்த்துக் கொடுக்கலாமா? (அம்பத்தூர்)

ரிஃபாம்பிசின் உள்ள டி.பி. மருந்தோடு கூடாது. ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு வோரிகோனசோலை ஏறக்குறைய முழுவதும் அழித்துவிடும். அளவைக் கூட்டிச் சமாளிக்க முடியாது. இட்ரகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்துக்கும் அதே கதி. ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் சுமார் 2 வாரம் இந்த விளைவு நீடிக்கும். அந்த இடைவெளியில் ஆம்ஃபோடெரிசின் போன்ற ஊசி மருந்தில் ஓட்ட வேண்டியிருக்கும். டி.பி. நிரூபணமாகிவிட்டால் ரிஃபாம்பிசின் இல்லாத மருந்துத் தொகுப்பை டி.பி. நிபுணரும் எதிர்ப்புச் சக்தி நிபுணரும் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். முகப்பேர் வாசகரும் இதைக் கவனிக்கவும்: சந்தேகத்தின் பேரில் ஓடும் டி.பி. மருந்து, உண்மையான நோய்க்கான மருந்துக்குக் கதவை அடைத்துவிடும்.

வலிப்பு மருந்துகளில் ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமாசெபின் மூன்றும் இதே வேலையைச் செய்யும், லெவெடிராசெட்டம் செய்யாது. எதிர்த்திசையில் ஒன்று: ஆஸ்துமாவுக்கு புடசொனைடு, ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலர் எடுக்கும் குழந்தைக்கு இட்ரகோனசோலோ வோரிகோனசோலோ சேர்ந்தால் ஸ்டீராய்டு உடலில் தேங்கி முகம் ஊதும், அட்ரினல் சுரப்பி படுத்துவிடும். இன்ஹேலரும் மருந்துதான் என்று சொல்லி எல்லா டாக்டரிடமும் காட்டுங்கள்.

ஸ்கேன் சுத்தமாகிவிட்டது. மருந்தை நிறுத்தலாமா?

பொதுவாக ஊடுருவும் ஆஸ்பெர்ஜில்லஸுக்குக் குறைந்தது 6 முதல் 12 வாரம் என்பார்கள். அது எதிர்ப்புச் சக்தி திரும்பி வரக்கூடியவர்களுக்கான கணக்கு. உங்கள் குழந்தைக்குக் குறை அப்படியே இருக்கிறது. சி.ஜி.டி.யில் பல மாதங்கள், எலும்பைத் தொட்டிருந்தால் அதற்கும் மேல். ஸ்கேன் சுத்தமான பிறகு சிகிச்சை அளவிலிருந்து தடுப்பு அளவுக்கு இறங்குவதுதான் உண்டு. முற்றாக நிறுத்துவது இல்லை.

தடுப்புக்கு வழக்கமாக இட்ரகோனசோல்: 13 வயதுக்குக் கீழ் அல்லது 50 கிலோவுக்குக் கீழ் தினம் 100 மி.கி., அதற்கு மேல் 200 மி.கி. 2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் சி.ஜி.டி. உள்ள 39 பேர் மாறி மாறி மருந்தும் போலி மாத்திரையும் எடுத்தார்கள். போலி மாத்திரைக் காலத்தில் 7 பேருக்குக் கடும் பூஞ்சைத் தொற்று வந்தது. இட்ரகோனசோல் காலத்தில் ஒரே ஒருவருக்கு. அவரும் மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர்.

கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், திரவ மருந்தை வெறும் வயிற்றில். ஆன்டாசிட், பான்டோபிரசோல் சேர்ந்தால் கேப்ஸ்யூல் உள்ளே இறங்காது. கடைக்காரர் வேறு கம்பெனி கேப்ஸ்யூல் கொடுத்தால் லெவலைத் திரும்பப் பாருங்கள்.

மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்து, சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கறுப்பாகப் பூத்திருக்கிறது. சி.ஜி.டி. குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிச் சுத்தம் செய்வது? (வேளச்சேரி)

குழந்தையை வைத்துக்கொண்டு செய்யவே கூடாது. ஐப்பசி தொடங்கும் முன்பே, தண்ணீர் ஏறாத சொந்தக்காரர் வீடு ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வடிந்ததும் குழந்தை அங்கே போய்விட வேண்டும். நனைந்த மெத்தை, தலையணை, அட்டைப்பெட்டி, பழைய புத்தகங்களைத் தூக்கிப் போடுங்கள்; காய வைத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். சுவரை உலர்வாகச் சுரண்டினால் வித்துக்கள் பறக்கும். ஈரப்படுத்திச் சுரண்டி, பிளீச்சிங் கரைசலால் துடைத்து, ஜன்னலைத் திறந்து மின்விசிறி ஓட்டிக் காய விடுங்கள். ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடைக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த கார்த்திகையில் மீண்டும் பூக்கும். சுவர் காய்ந்து, தரையையும் பரணையும் ஈரத்துணியால் துடைத்த பிறகே குழந்தை திரும்பலாம். போகிக்குப் பரண் இறக்குவதற்கும் வெள்ளையடிப்பதற்கும் இதே விதிதான்.

மழையைவிட ஆபத்தானது மாடித்தோட்டம் என்பதைப் பலர் நம்புவதில்லை. தென்னை நார்க்கழிவு, மட்கிய இலை, வீட்டு உரத்தொட்டி மூன்றும் ஆஸ்பெர்ஜில்லஸுக்கு விருந்து. தொட்டியைக் கிளறும்போது பறக்கும் வித்துக்களை ஒரே நேரத்தில் ஏராளமாகச் சுவாசித்தால், சி.ஜி.டி. குழந்தைக்கு அடுத்த சில நாட்களுக்குள் கடும் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் வரும். இரண்டு நுரையீரலும் முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். முதல் பதிலில் சொன்ன சத்தமில்லாத நோய்க்கு இது நேர் எதிர். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டையும் சேர்த்தே தொடங்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்துக் காத்திருந்தால் குழந்தை தப்பாது. 'நேற்று முன்தினம் உரத்தைக் கிளறினான்' என்ற ஒரு வரியை அவசரப் பிரிவில் முதலில் சொல்லுங்கள். அறுவடை நேரத்தில் ஊருக்குப் போனால் வைக்கோல் போர், மாட்டுக்கொட்டகை, களம் பக்கம் விடாதீர்கள். வீட்டை இடிக்கும், தோண்டும் வேலை நடக்கிற தெருவைச் சுற்றிப் போங்கள். என்.95 மாஸ்க் கடந்து போகும் நேரத்துக்கு உதவும். அங்கேயே விளையாட அனுமதிச் சீட்டு ஆகாது.

இட்லி மாவு, தயிர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்தப் பூஞ்சை மூச்சு வழியாக வருவது. வீட்டில் செய்த இட்லியும் அன்றன்று உறை ஊற்றிய தயிரும் கொடுக்கலாம்.

5 மாதக் குழந்தைக்கு வாயில் வெள்ளைப் படலம் போவதும் வருவதுமாக இருக்கிறது. (பெரம்பூர்)

ஆன்டிபயாட்டிக் எதுவும் கொடுக்காமல், க்ளோட்ரிமசோல் மவுத் பெயின்ட் சரியாகத் தடவியும் திரும்பத் திரும்ப வந்தால், எடையும் ஏறாமல் வயிற்றுப்போக்கோ இருமலோ நீடித்தால், சாதாரண ரத்த எண்ணிக்கை அறிக்கையை எடுங்கள். மொத்த வெள்ளையணுவை லிம்ஃபோசைட் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுங்கள். 6,000, 20% என்றால் 1,200. இந்த வயதில் 3,000-க்குக் கீழே என்றாலே எஸ்.சி.ஐ.டி. எனப்படும் கடும் எதிர்ப்புக் குறைபாட்டைத் தேட வேண்டும். அறிக்கையில் 'வெள்ளையணு நார்மல்' என்றே அச்சாகியிருக்கும். லிம்ஃபோசைட்டைத் தனியாகக் கணக்குப் போடாததால்தான் இது தவறுகிறது. அதே நாளில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போங்கள். முடிவு தெரியும்வரை போலியோ சொட்டு, ரோட்டா வைரஸ் சொட்டு வேண்டாம். ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு செய்த ரத்தம்தான்.

கோ-ட்ரைமாக்சசோலும் பூஞ்சைக்குத்தானா?

நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சைக்கு ஆம். அதன் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப்பொருள் இல்லாததால் வோரிகோனசோல், ஆம்ஃபோடெரிசின் இரண்டும் அதன்மேல் பலிக்காது. எஸ்.சி.ஐ.டி., ஹைப்பர் ஐ.ஜி.எம். (இன்னொரு பிறவி எதிர்ப்புக் குறைபாடு) குழந்தைகளுக்குத் தடுப்பாக, அதிலுள்ள டிரைமெத்தோபிரிம் கணக்கில் கிலோவுக்கு 5 மி.கி., வாரம் 3 நாள். சி.ஜி.டி.யில் அதே அளவு தினமும். அங்கே அது பாக்டீரியாவுக்காக. தொடங்கும் முன், சிவப்பணுவைக் காக்கும் நொதி குறைவா என்று பார்க்கும் ஜி6பி.டி. சோதனை செய்யுங்கள்.

10 வயதுப் பெண். சிறு வயதிலிருந்தே படர்தாமரை ஆறவில்லை. இப்போது தலைவலி, தண்டுவட நீரில் கேண்டிடா என்ற பூஞ்சை என்கிறார்கள். எச்.ஐ.வி. இல்லை, சர்க்கரை இல்லை. நானும் கணவரும் மாமன் மகள், அத்தை மகன்.

கார்ட்9 மரபணுக் குறைபாட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு பிரதியும் பழுதானால் வருவது. மூளைக்குள் பூஞ்சை நுழைந்தால் நியூட்ரோஃபில்களை அங்கே வரவழைக்கும் சமிக்ஞை எழாது. மற்றக் கிருமிகளை எதிர்ப்பதில் குறையே இருக்காது என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. காஸ்போஃபங்கின், மைகாஃபங்கின் வகை மருந்துகள் மூளைக்குள் போதிய அளவு போகா. ரத்தத்திலுள்ள கேண்டிடாவுக்கு முதல் மருந்து என்பதற்காக இங்கே கொடுத்து நாளைக் கடத்தக் கூடாது. லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசினும் ஃப்ளூசைட்டோசினும் தொடங்கி, பின்பு ஃப்ளூகோனசோலோ வோரிகோனசோலோ வருடக்கணக்கில் தொடரும். படர்தாமரைக்குக் கடையில் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீமை இன்றோடு நிறுத்துங்கள். உறவில் மணந்ததை நினைத்து நொந்துகொள்ள வேண்டாம். அந்தத் தகவல் மருத்துவருக்குச் சரியான மரபணுவைத் தேட உதவுகிறது.

பூஞ்சை முழுதும் போன பிறகுதான் எலும்பு மஜ்ஜை மாற்றா? செலவு? அடுத்த குழந்தைக்கு என்ன செய்வது? (மடிப்பாக்கம்)

அடங்கிய நிலையில் இருந்தால் போதும். கடைசிப் புள்ளியும் மறையக் காத்திருந்து வருடங்களை இழக்க வேண்டாம். மாற்றின் மூலம் வரும் புது வெள்ளையணுக்களே மீதியைத் தீர்க்கும். மருந்துக்கு மசியாத பூஞ்சை இருக்கும்போதே மாற்று செய்து பிழைத்த குழந்தைகளும் உண்டு. ஆண் குழந்தை என்றால் மாற்றுக்கு முன், ஏன், முதல் ரத்தம் ஏற்றும் முன்பே, சிவப்பணுவின் மேலுள்ள கெல் ஆன்டிஜனைப் பார்க்கும் சோதனை கேளுங்கள். எக்ஸ் குரோமோசோமில் பெரிய துண்டு விடுபட்ட சி.ஜி.டி.யில் மெக்லியாட் என்ற அரிய ரத்த வகை சேர்ந்து வரலாம். சாதாரண ரத்தம் ஒருமுறை ஏற்றிவிட்டால் பிறகு பொருந்தும் ரத்தமே கிடைக்காது.

2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில் மாற்று சிகிச்சைக்குரிய நோய்களில் சி.ஜி.டி.யும் எஸ்.சி.ஐ.டி.யும் இருக்கின்றன, உதவி 50 லட்சம் ரூபாய் வரை. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அதன் சிறப்பு மையங்களில் ஒன்று. மரபணு அறிக்கையோடு அங்கே பதிவு செய்யுங்கள். மாற்று முடிவாகும்வரை காத்திருக்காமல், நோய் உறுதியான வாரமே போங்கள்.

அடுத்த கர்ப்பம் என்றால், முதல் குழந்தையின் மரபணு மாற்றம் தெரிந்திருக்கும்போது 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவில் சோதிக்கலாம். அது செய்யாவிட்டால், பிரசவ அறைக்குப் போகும்போதே கோப்பின் மேல் 'பி.சி.ஜி. போட வேண்டாம், எதிர்ப்புச் சக்திச் சோதனை நிலுவை' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பிறந்த அன்றே போட்டுவிடுவது நம் வழக்கம், கேட்க ஆளிருக்காது. பி.சி.ஜி.யை ஒரு வயதுக்குள் எப்போதும் போடலாம் என்று அரசு அட்டவணையே சொல்கிறது, ஆகவே தாமதத்தால் நஷ்டமில்லை. எஸ்.சி.ஐ.டி. குடும்பம் என்றால் போலியோ சொட்டும் நிறுத்தி வைக்கப்பட வேண்டும். வெள்ளையணு அந்த ஆக்சிஜன் வேதிப்பொருளை உண்டாக்குகிறதா என்று பார்ப்பது, சி.ஜி.டி.க்கான டி.ஹெச்.ஆர். சோதனை. அதற்கு ரத்தம் எடுத்து 24 மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும், கூடவே நலமான ஒருவரின் ரத்தமும் அதே நேரத்தில் எடுத்துப் போக வேண்டும். தாயின் ரத்தத்தையும் கொடுத்துவிடுங்கள். எக்ஸ் வழி வருவது என்றால் அவருடைய அறிக்கையில் வெள்ளையணுக்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து தெரியும்.